சார்ஜ் ஏறாத லாரி: பழைய வண்டிகளின் மின்கோளாறும் அதைத் தேடும் முறைகளும்

பழைய டீசல் லாரி ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஓடுவதற்கு அதற்கு மின்சாரம் வேண்டாம். டீசல் பம்பை எஞ்சினே சுற்றுகிறது. தீப்பொறி தேவையில்லை. எஞ்சினை நிறுத்தக்கூடப் பல வண்டிகளில் கையால் இழுக்கும் கேபிள்தான். அதனால் காலையில் சங்ககிரியில் பாரம் ஏற்றிக் கிளம்பும்போதே ஆல்டர்னேட்டர் செத்துப்போயிருந்தாலும், பகல் முழுக்க டிரைவருக்கு அது தெரிய வராது. இருட்டிய பிறகுதான் ஹெட்லைட் மஞ்சளடிக்கும், ஹாரன் கம்மும். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பின்விளக்கு எரியாத ஒரு லாரி என்ன செய்யும் என்பது சேலம், தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு நிறுத்தி எஞ்சினை அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது. அப்போது கண்ணில் படுவது பேட்டரி. ஆகவே பேட்டரி மாற்றப்படுகிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேட்டரி, கோளாறு தெரியவரும் இடம். கோளாறு பிறக்கும் இடம் பெரும்பாலும் வேறு. பழைய லாரிகளில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் மாற்றி மாற்றிப் போடப்படுகின்றன. ஆனால் அவற்றை இணைக்கும் கேபிளையும் எர்த்தையும் அளந்து பார்க்கும் பழக்கம் வேரூன்றவில்லை.

மேட்டூர், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று நீளும் இந்தப் பகுதியைவிட இக்கேள்வியை ஆராயப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. நாமக்கல் கேஸ் டேங்கருக்கும் முட்டை லாரிக்கும் பெயர் போனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும், பிறகு சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்றும் உள்ளன. அங்கே எரியும் நிலக்கரியின் சாம்பல் சிமென்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் லாரியில்தான் போகிறது. நெடுந்தூர ஓட்டத்திலிருந்து விடுபட்ட பழைய வண்டிகள் இப்படிப்பட்ட குட்டை நடைகளுக்கு வந்து சேர்கின்றன. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதற்கு முன் பெயின்ட் அடிக்கப்படும், விளக்கெல்லாம் எரியவைக்கப்படும். ஆனால் அன்று ஒரு நாள் எரிந்த விளக்கு, கம்பிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

பட்டறைகளில் இன்றும் புழங்கும் சோதனைகளில் பாதி, டைனமோ காலத்தில் பிறந்தவை. டைனமோ நேரடியாக டிசி தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் வலு இருக்காது. பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாயாமல் தடுக்க ஒரு கட்டவுட் ரிலே உண்டு. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960இல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதன் பிறகு உலகம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. நம் ஊர் லாரிகளும் பின்னால் வந்தன. சென்னை பாடியில் 1960களின் தொடக்கத்தில் உருவான லூகாஸ் டிவிஎஸ்ஸின் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இங்குள்ள பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக் கோக்கப்படுகின்றன. இயந்திரம் மாறிவிட்டது, சோதிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அவற்றில் மிக ஆபத்தானது, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. ‘கழற்றியும் வண்டி ஓடினால் சார்ஜ் ஏறுகிறது’ என்பது கணக்கு. பெட்ரோல் காரிலும் டைனமோவிலும் இதற்கு ஓரளவு பொருள் இருந்தது. மின்சாரமே வேண்டாத பழைய டீசல் எஞ்சினில் இச்சோதனை எதையும் நிரூபிக்காது, ஆல்டர்னேட்டர் செத்திருந்தாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். நல்ல ஆல்டர்னேட்டராக இருந்தாலோ கெடுதல் நேரலாம். அது தரும் மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி சட்டென விலகும்போது மின்னழுத்தம் ஒரு கணத்தில் நூறு வோல்ட்டைத் தாண்டிப் பாயலாம். டையோடும் ரெகுலேட்டரும் அதில் போகலாம். சோதித்த பிறகு ‘ஆல்டர்னேட்டர் போச்சுங்க’ என்று சொல்லப்படுவது உண்மைதான், சோதனையே அதைக் கொன்றது என்பது மட்டும் சொல்லப்படாமல் போகிறது.

பழைய கைமுறைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. சில அருமையானவை. சாவியைப் போட்டுவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொண்டுபோனால் காந்தம் இழுப்பது கையில் தெரியும். இழுத்தால் ரோட்டருக்கு மின்சாரம் போகிறது. இழுக்காவிட்டால் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், சாவியிலிருந்து வரும் கம்பி ஆகியவற்றில் ஒன்று குறை. அதே போல, இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டரைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தொட்டுப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு ஷார்ட், பேட்டரி இரவு முழுக்க அதன் வழியே வடிந்திருக்கிறது. காசு செலவில்லாத சோதனைகள் இவை.

டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அது எச்சரிக்கை விளக்கு மட்டுமல்ல. ரோட்டருக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. சில ரூபாய் பல்பு ஃபியூஸ் ஆனதால் சார்ஜ் ஏறாமல் நின்ற வண்டிகள் உண்டு. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துச் சுற்றினால் நன்றாக வேலை செய்யும், திரும்ப வண்டியில் மாட்டினால் ஏறாது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை எந்த டிரைவரும் தன் பழக்கமாக்கிக்கொள்ளலாம். எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்.

இனி கேபிளுக்கு வருவோம். ‘லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரியுதுங்க, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் டக்குன்னு தட்டிட்டு நின்னுடுது’ என்ற புகாரைக் கேட்காத எலக்ட்ரீசியன் இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆகவே செல்ஃப் போய்விட்டது என்று அடுத்த வாக்கியம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. ஒரு கேபிள் முனை பூத்துப்போய் அங்கே 0.01 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று கொள்வோம். விளக்குகள் இழுக்கும் 10 ஆம்பியருக்கு அந்த இடத்தில் இழப்பு 0.1 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் இழுக்கும் 400 ஆம்பியருக்கு அதே இடத்தில் இழப்பு 4 வோல்ட். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அணைமேல் நின்று சொல்ல முடியாததுபோல, செல்ஃப் மோட்டாருக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பேட்டரி டெர்மினலில் மட்டும் மீட்டர் வைத்துச் சொல்ல முடியாது.

மேச்சேரி சாலைப் பட்டறை ஒன்றில் சாம்பல் ஓட்டும் டிப்பர் ஒன்றைப் பார்த்ததை இங்கே சொல்வது பொருந்தும். இரண்டு ஆண்டில் மூன்றாவது ஜோடி பேட்டரி. செல்ஃப் ஒருமுறை பிரித்து காயில் கட்டியாயிற்று. ஓய்வில் இரு பேட்டரியும் சேர்ந்து 25.3 வோல்ட், குறையில்லை. செல்ஃப் போடும்போது பேட்டரியில் 22.8. ஆனால் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் நடுவே 18.1தான். 4.7 வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது. எலக்ட்ரீசியன் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைக் கேபிளின் கடைசியிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பாசிடிவ் கேபிளில் 0.4. பேட்டரி நெகடிவிலிருந்து சேஸிஸுக்கு 0.3. சேஸிஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 4.0. அந்த இரண்டையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டை கிரீசும் சாம்பலும் மூடிக் கிடந்தது. சுரண்டினால் பச்சைப் பூஞ்சணமாய்ச் செம்பு உதிர்ந்தது, பாதி இழைகளே மிச்சம்.

அந்தப் பட்டை செல்ஃபை மட்டும் கெடுக்கவில்லை. ஆல்டர்னேட்டரும் எஞ்சின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது அனுப்பும் மின்சாரம் பேட்டரிக்குப் போய்த் திரும்பி வருவதும் அதே பட்டை வழியாகத்தான். ஆல்டர்னேட்டர் வாயில் 28.2 வோல்ட் இருந்தது. பட்டையில் 0.4, நடுவில் ஒட்டுப்போட்ட மெல்லிய சார்ஜ் கம்பியில் 0.7. பேட்டரிக்குக் கிடைத்தது 27.1, அதாவது ஒரு பேட்டரிக்கு 13.55. இருக்கும் சார்ஜைக் காக்க அது போதும், இழந்ததை நிரப்ப நீண்ட நேரம் வேண்டும். குட்டை நடை, எடைமேடையில் காத்திருப்பு, நாளுக்குப் பலமுறை ஸ்டார்ட் என்று ஓடும் வண்டிக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. பேட்டரி எப்போதும் அரைப்பசியில் கிடந்தது. அப்படிக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்து அது சாகும். முந்தைய இரண்டு ஜோடி பேட்டரியையும் கொன்றது பட்டையும் ஒட்டுக்கம்பியும்தான்.

24 வோல்ட் வண்டியில் எஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது, ஹெட்லைட்டும் போட்ட நிலையில், பேட்டரி முனையில் 27.5 முதல் 28.5 வரை இருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4. செல்ஃப் சுற்றும்போது எர்த் பக்கம் முழுவதிலும் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. விளக்கு எதுவும் போடாமல் அளந்து ‘28 காட்டுது, ஓகே’ என்று விடுவதில் பயனில்லை. ஒரு டையோடு போன ஆல்டர்னேட்டரும் லோடு இல்லாதபோது 28 காட்டும். லோடு போட்டதும் விழும், சில சமயம் சிணுங்கும். மீட்டரை ஏசிக்குத் திருப்பிப் பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டையோடு போனதற்கு அடையாளம்.

இந்தப் பகுதி வண்டிகளில் காணும் காரணங்கள் மூன்றைத் தனியாகப் பேச வேண்டும்.

சாம்பல் முதலாவது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் மாவைவிட நுண்மையானது. அதில் பெரும்பங்கு சிலிக்கா, அலுமினா. ஆல்டர்னேட்டர் தன் விசிறியால் காற்றை உள்ளே இழுத்துத்தான் குளிர்கிறது. சாம்பல் ஏற்றும் இடத்தில் அது இழுப்பது சாம்பலைத்தான். ஸ்லிப் ரிங்கும் கார்பன் பிரஷும் உப்புத்தாள் போட்டதுபோல் தேயும், காயில்மேல் படிந்து சூடு வெளியேறாமல் தடுக்கும். சாம்பல் நடை ஓட்டும் வண்டிக்குப் பிரஷ் பார்க்கும் இடைவெளியை முட்டை லாரியின் கணக்கில் வைக்கக் கூடாது. உலர்ந்த காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊற்றுவதைப் போல வழக்கமாக வேண்டும்.

வெல்டிங் அடுத்தது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் பாடி கட்டும் ஊர்கள். பழைய வண்டிக்கு ஆண்டில் ஓரிரு முறையாவது எங்காவது பற்றவைப்பு இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குத் தூரத்தில் மாட்டினால், அந்த மின்னோட்டம் சேஸிஸில் எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியில் போகும். பேரிங் வழியாகவும் போகலாம், ஆல்டர்னேட்டர் வழியாகவும் போகலாம். பாடி வேலை முடிந்து வந்த வாரத்திலேயே சார்ஜ் நின்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெயின்டும் இதே வகை. இறுகிய போல்ட்டின் மேல் பெயின்ட் விழுந்தால் கேடில்லை. எர்த் லக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்து, மறுபடி அதன்மேலேயே முறுக்கினால் பளபளக்கும் வண்டியில் எர்த் இருக்காது. எஃப்சிக்குப் பெயின்ட் அடித்த பிறகு புதிதாக முளைக்கும் கோளாறுகளில் பல இப்படி வந்தவை.

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. கனரக லாரிகள் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 ஆக்கியிருக்கிறார்கள். பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், கேபின் விசிறி போன்றவை பல 12 வோல்ட்டில் கிடைக்கின்றன. நடுவிணைப்பிலிருந்து ஒரு கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. உடனே எந்தத் தொல்லையும் தெரியாது. ஆனால் ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக வடிகிறது. ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த 28 மட்டுமே தெரியும், எதற்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாள்பட நாள்பட வடிந்த பேட்டரிக்கு 13.1, மற்றதற்கு 14.9 என்று பங்கு கோணும். ஒன்று பட்டினியில் சாக, இன்னொன்று கொதித்துத் தண்ணீர் வற்றும். இரண்டையும் தனித்தனியாக அளக்காதவரை கூட்டல் சரியாகவே வரும், கோளாறு கிடைக்காது. 24இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு பேட்டரியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. போடும் பேட்டரியும் ஒரே வயது, ஒரே அளவு ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கோப்பது அதே கோணலைத் தொடக்கத்திலேயே வாங்கிவைப்பது.

பேட்டரி நிஜமாகவே கெட்டிருப்பதும் உண்டு. ஈய அமில பேட்டரியை பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளான்டே 1859இல் செய்தார். அடிப்படை வேதியியல் இன்றும் அதுதான், அதற்குச் சூடு ஆகாது. நாமக்கல் கோடையில், எஞ்சின் சூடும் தார்ச்சாலைச் சூடும் சேரும் இடத்தில், அதன் ஆயுள் குறைவது இயல்பு. மூடி கழற்றும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரைப்போல் உண்மை சொல்வது வேறில்லை. நம் தட்பவெப்பத்தில் முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.260 வரை நிற்கும். ஆறு செல்லும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் சார்ஜ் போதவில்லை, குற்றம் வெளியே. ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த செல் செத்தது, குற்றம் பேட்டரியில். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே, வீணாக மாற்றப்படும் பேட்டரிகள் பல தப்பிக்கும். பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பல்பு அடிக்கடி கருகினாலோ ரெகுலேட்டர் அளவுக்கு மீறி ஏற்றுகிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் வேகும்.

லோடு கிடைக்காமல் நாட்கணக்கில் நிற்கும் வண்டிக்கு வடிதல் தனிப் பிரச்சினை. எல்லா ஸ்விட்சும் அணைத்த பிறகு பேட்டரி கம்பியில் ஆம்ஸ் மீட்டர் கோத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் வடிந்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரி நான்கே நாளில் பாதியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில் தேட வேண்டும். ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும் வண்டியில் முதல் வேலை அந்தக் கம்பியை அகற்றுவது. ஷார்ட் ஆனால் அங்கே ஃபியூஸ் எரியாது, வண்டி எரியும்.

சிறிய பழைய வண்டிகளில் இன்னொரு நுணுக்கம். டாடா 407 போன்றவற்றில் பிரேக்குக்கு வேண்டிய வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளே இறங்கிப் பிரஷில் சேறாகும். பிரஷ் மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதை. சார்ஜ் புகாரோடு வரும் வண்டியில் பிரேக் பெடலும் கனக்கிறதா என்று கேட்பது நல்ல எலக்ட்ரீசியனின் வழக்கம்.

எந்தக் கருவியை நம்புவது என்பதில் பட்டறைகளுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. மூத்தவர்கள் டெஸ்ட் லாம்பை விடுவதில்லை, இளையவர்கள் டிஜிட்டல் மீட்டரை. இதில் மூத்தவர்கள் பக்கம் நியாயம் கூடுதல் என்று பலர் நினைப்பதில்லை, நான் நினைக்கிறேன். டிஜிட்டல் மீட்டர் கம்பியிலிருந்து ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை. ஒற்றை இழை மட்டும் மிஞ்சிய கம்பியிலும் அது முழு 24ஐக் காட்டும். 24 வோல்ட் பல்பு ஒன்றை இரண்டு கம்பியில் கட்டிய டெஸ்ட் லாம்ப் கொஞ்சமாவது இழுக்கும், நலிந்த வழியில் மங்கும். ஆனால் 27.1க்கும் 28.2க்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பல்பும் காட்டாது, அதற்கு மீட்டர்தான் வேண்டும். லோடு போட்ட நிலையில், இரு முனைக்கு நடுவே இழப்பை மீட்டரால் அளப்பது இரண்டின் நன்மையையும் சேர்த்துத் தருகிறது. ஐடிஐ பாடத்தில் இது உண்டு. பட்டறையில் நேரம்தான் இல்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு ஸ்கேனர் இல்லாமல் வேலையே இல்லை என்ற பேச்சு பரவியிருக்கிறது. புது வண்டிக்கு அது உண்மை. அங்கும் மின்னழுத்தம் தாழ்ந்தால் கணினி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழை எண்களை வரிசையாகக் காட்டும். சென்சார் சென்சாராக மாற்றிவிட்டுக் கடைசியில் எர்த் போல்ட்டை முறுக்கிச் சரிசெய்யும் நிகழ்வுகள் தொடங்கிவிட்டன. பழைய லாரியில் கற்ற அளவை முறை புதிய லாரியில் காலாவதியாகவில்லை.

ஏன் அளப்பதில்லை என்பதற்கு விடை அறியாமை மட்டுமன்று, கூலி. பொருள் மாற்றினால் பட்டறைக்குப் பில் போட முடிகிறது. ஒரு மணி நேரம் சேஸிஸுக்கு அடியில் படுத்து எர்த் பட்டையைக் கண்டுபிடித்தால், ‘பட்டை நூத்தம்பது ரூபாய்தானே, இதுக்கு எதுக்கு ஆயிரம்’ என்று ஓனர் கேட்கிறார். பழைய பேட்டரிக்கு ஈயத்தின் விலை கழித்துக் கொடுப்பதால் மாற்றுவது இன்னும் எளிதாகத் தோன்றுகிறது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பக் கொடுப்பது நல்லதே. ஆனால் அப்படிப் போகும் பேட்டரி உண்மையில் செத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. லோடு நேரத்துக்குச் சேர வேண்டிய அவசரத்தில் இருக்கும் டிரைவரும் எது சீக்கிரம் முடியுமோ அதற்கே தலையாட்டுவார், அவர்மேல் குறை சொல்ல முடியாது.

தேடுவதற்கென்று தனிக் கூலி தர ஓனர்கள் முன்வர வேண்டும். பதிலுக்குப் பட்டறை பில்லில் அளவுகளை எழுதித் தர வேண்டும்: ஓய்வில் ஒவ்வொரு பேட்டரியும் எவ்வளவு, செல்ஃப் போடும்போது பேட்டரியிலும் செல்ஃபிலும் எவ்வளவு, எர்த் பக்கம் இழப்பு எவ்வளவு, லோடோடு சார்ஜ் எவ்வளவு. டயர் மாற்றிய கிலோமீட்டரை எழுதிவைக்கும் ஓனர்கள் இந்த ஊரில் ஏராளம். அதே நோட்டில் இந்த எண்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிவந்தால், 28.1 இருந்த வண்டி 27.6க்கும் பிறகு 27.2க்கும் இறங்குவது பேட்டரி சாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.